மலிவாகிவிட்டது மருந்து, மாறுமா அரசுப் பட்டியல்?

புது தில்லி: நிறுவனப் பெயரைத் தவிர்த்து, மருந்தின் மூலப்பெயரையே மருத்துவர்கள் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-ம் தேதி அறிவித்த விதிமுறை மூன்றே வாரங்களில் முடங்கியது. இந்திய மருத்துவச் சங்கத்தின் எதிர்ப்பை அடுத்து அதே மாதம் 23-ம் தேதி அது நிறுத்திவைக்கப்பட்டது. தில்லியில் எழுந்த அந்தச் சர்ச்சை முழுவதும் மருந்தின் பெயரைச் சுற்றியே நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும் நோயாளிக்கோ எந்த மருந்து முதலில், அது போதாவிட்டால் அடுத்து எது, அடுத்த மாதமும் கிடைக்குமா என்பவையே முக்கியம்.

ஹைதராபாதின் தார்நாகா பகுதி இதற்கு நல்ல உதாரணம். இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் அமைந்திருப்பது இங்குதான். மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வழங்குவதை 1970-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் நீக்கியதால், மாற்று வழியில் மருந்து தயாரிக்கும் முறைகளை இதுபோன்ற ஆய்வகங்கள் கண்டறிந்தன. ஏ.வி. ராமராவ் தலைமையில் இங்கு உருவான செய்முறையைக் கொண்டுதான் சிப்லா நிறுவனம் எய்ட்ஸ் நோய்க்கான ஏ.இசட்.டி. மருந்தை 1993-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அதே தார்நாகாவில் தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மருத்துவமனையும் உள்ளது. நீரிழிவு உள்ள பேருந்து ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மெட்ஃபார்மின் போதாதபோது அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகச் சேர்க்கப்படுவது கிளிமிபிரைடு. விலை குறைவு, பலனும் உண்டு. ஆனால், உணவு தவறினால் ரத்தச் சர்க்கரை அளவு திடீரென்று சரியக்கூடும். ஐம்பது பயணிகளுடன் பேருந்தை ஓட்டுபவருக்கு அது சிறிய பக்கவிளைவு அல்ல.

எம்பாகிளிஃப்ளோசினில் அந்த அபாயம் மிகக் குறைவு. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதைச் சேர்த்தது. இந்தியாவில் 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும், சுமார் ரூ.60-க்கு விற்ற மாத்திரை சில நிறுவனங்களிடம் ரூ.10-க்கும் கீழே இறங்கியது. (அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரிடும் என்பதால் ஓட்டுநர்கள் இதையும் முணுமுணுப்புடன்தான் ஏற்பார்கள் என்பது வேறு விஷயம்.) ஆனால், 384 மருந்துகள் கொண்ட 2022-ம் ஆண்டு தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நீரிழிவுக்கெனப் புதிதாக இடம்பிடித்தவை டெனிலிக்ளிப்டினும் இன்சுலின் கிளார்ஜினும்தான். தனியார் மருந்துக் கடையில் விலை சரிந்தாலும், அரசின் கொள்முதல் பட்டியலில் ஏறாத மாத்திரை ஏழை நோயாளியை எட்டாது.

பட்டியலும் விநியோகமும் இணைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உயர் ரத்த அழுத்தச் சிகிச்சை சான்று. தெலங்கானா, கேரளம், பஞ்சாப், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் 2017-ல் தொடங்கிய தேசியத் திட்டம், அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்ற சில மருந்துகளை மட்டும் தேர்ந்து, வரிசையையும் அளவையும் நிர்ணயித்தது. மருந்துகள் சில என்பதால் எத்தனை மாத்திரை தேவை என்று முன்கூட்டியே கணக்கிட முடிந்தது. செவிலியரே தொடர் கண்காணிப்பைக் கவனிக்கவும் வழி பிறந்தது. பக்கவாதத்தைத் தடுப்பதில் பின்தங்கியது என ஆய்வுகள் காட்டிய அடினலால், 2022-ல்தான் தேசியப் பட்டியலிலிருந்து நீங்கியது. பழையதை நீக்குவதிலும் தில்லிக்கு அவசரம் இருப்பதில்லை.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. மருத்துவச் சேவைக் கழகத்தின் மொத்தக் கொள்முதல் அனுபவம் அதற்குத் துணை நின்றது. ஆனால், வீடு தேடி வருவது எந்த மாத்திரை என்பதும் பட்டியலைப் பொருத்ததே. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவு பெற்ற ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆண்டு மத்திய அரசு, 2025-க்குள் 7.5 கோடிப் பேரை முறையான சிகிச்சைக்குள் கொண்டுவருவதாக இலக்கு வைத்தது. சிகிச்சைக்குள் வந்தவர்களின் எண்ணிக்கையும், சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் வந்தவர்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. மாநிலங்கள் இரண்டாவது எண்ணைக் கேட்கத் தொடங்கினால், பட்டியல் திருத்தத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது தில்லிக்கு எளிதாக இருக்காது.