போகாமலே பி.எட்.?

கொஞ்சம் நீளமான பதிவு. வாத்தியார் எழுதினால் நீளத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் சொந்தத்தில் ஒருவர் போன் செய்தார். மகள் பி.எஸ்சி. கணக்கு முடித்திருக்கிறாள். சென்னையில் பி.எட். இடம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டல் கிடைக்கவில்லை. வெளியே தங்கினால் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து கட்டுபடியாகாது. "மாமா, ஃபீஸ் கட்டிட்டுப் பரீட்சைக்கு மட்டும் போனாப் போதும்கிற காலேஜெல்லாம் இருக்காமே, உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன். தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவருக்கு என்மேல் வருத்தம். அதனால்தான் இதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

1983இல் நான் தென்காசிப் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்குப் போனேன். அப்போது பி.எட். ஒரு வருஷம்தான். ஜோன்ஸ் ரோடு பக்கம் ஒரு சந்தில் மூன்று பேருக்கு ஒரு அறை. அந்த வருஷம் மெட்ராஸில் கடுமையான தண்ணீர்ப் பஞ்சம். குளிக்கிற தண்ணீரை அளந்து குளித்தோம். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! முதல் மாதமே ஊருக்குத் திரும்பிவிட நினைத்தேன்.

கற்பித்தல் பயிற்சிக்கு எட்டாம் வகுப்பைக் கொடுத்தார்கள். முதல் நாள் "ஏல, இங்கன கவனிங்கல" என்றேன். வகுப்பே சிரித்தது. அதைக்கூட விடுங்கள். ஒரு பையன் தினமும் முதல் பீரியட் பாதியில்தான் வருவான். வந்ததும் தூங்குவான். ஒரு நாள் விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்டிப்பான வாத்தியார் என்று காட்டவேண்டுமே! அவனை அந்தப் பீரியட் முழுக்க நிற்க வைத்தேன்.

எங்கள் அறையில் தண்ணீர் பிடிப்பது ஒரு நண்பனின் பொறுப்பு. அவன் ஊருக்குப் போன வாரம் நான் குடத்தோடு போனேன். விடிகாலை ஐந்து மணி. லாரிக்காக நீண்ட வரிசை. அதில் அந்தப் பையன். நாலு மணியிலிருந்து நிற்கிறானாம். என்னைப் பார்த்து அவன் முகம் சுளிக்கவில்லை. "இன்னா சார், நீங்களுமா? எங்கம்மா முன்னால கீறாங்க, குடத்த அங்க வைங்க" என்றான்.

எனக்கு நா எழவில்லை. அன்று பள்ளிக்குப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. கேட்கிற தைரியம் அந்த வயதில் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முப்பத்து சொச்சம் வருஷத்தில், தாமதமாக வந்த எந்தப் பிள்ளையையும் காரணம் கேட்காமல் வெளியே நிறுத்தியதில்லை. இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு அது தெரியும்.

நான் அந்தத் தெருவில் குடியிருக்காவிட்டால் எந்தக் கல்வி உளவியல் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித் தந்திருக்காது. வேலை கிடைத்தாலும் சொந்த ஊரிலேயே போடுவார்கள் என்று உண்டா? கலந்தாய்வில் எந்த மாவட்டமும் வரலாம். தெரியாத ஊரில் போய் ஒட்டிக்கொள்வதும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

சரி, பணத்துக்கு என்ன செய்வது? அந்தத் தகப்பன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2015 முதல் பி.எட். இரண்டு வருஷம். பள்ளியில் மட்டும் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்கு ஹவுஸ் சர்ஜன் காலத்தில் உதவித்தொகை உண்டு. ஆசிரியர் இல்லாத வகுப்பையெல்லாம் பார்த்துக்கொள்ளும் நம் பயிற்சிப் பிள்ளைகள் பஸ் காசைக்கூடக் கையிலிருந்து போடுகிறார்கள். அந்த 16 வாரத்துக்காவது அரசு உதவித்தொகை கொடுக்கவேண்டும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டலில் முதல் இடம் வேண்டும். இதைச் செய்யாமல் 'போகாமலே பி.எட்.' நடத்துகிறவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை.

அரசு செய்கிறபோது செய்யட்டும். சென்னையில் இருக்கிற என் மாணவர்களே, சைதாப்பேட்டை, கிண்டி பக்கம் ஒரு பெண்பிள்ளை பத்திரமாகத் தங்க, குறைந்த வாடகையில் இடம் இருந்தால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். முதல் மூன்று மாத வாடகையை நான் தருவதாக அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமைக்குள் அவள் சேரவேண்டும்.