ஏர் ரைபிள் மேகசின் டைட்டா இருக்கா? தட்டி ஏத்தாதீங்க... முதல்ல இதைப் படிங்க!

கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்தவர் இளவேனில் வாலறிவன். 2019 ஆகஸ்ட்டில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பையில், 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் தங்கம் வென்றார். இறுதிச் சுற்றில் 24 குண்டுகளுக்கு அவர் எடுத்தது 251.7 புள்ளிகள். ஒரு குண்டுக்கு அதிகபட்சமே 10.9தான். அப்படியென்றால் அவருடைய சராசரி ஏறக்குறைய 10.5.

இந்த மாதிரி செய்தியைப் பார்த்துட்டு புவனகிரியிலோ சிதம்பரத்திலோ ஒருத்தர் ஏர் ரைபிள் வாங்குறார்னு வச்சுக்குவோம். பெட்டியைப் பிரிச்சதும் முதல் தலைவலி: மேகசின் உள்ளே போகவே மாட்டேங்குது. கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். அடுத்து கை சுத்தியலைத் தேடுது. அங்கேதான் தப்பு ஆரம்பிக்குது.

மேகசின் என்ன வேலை செய்யுது?

சிலிண்டரில் அடைத்த காற்றால் சுடும் பிசிபி ரைபிள்களில், பெல்லட்டுகளை அடுக்கி வைக்கும் சின்ன வட்டப் பெட்டிதான் மேகசின். போல்ட்டைப் பின்னால் இழுத்ததும் அடுத்த பெல்லட் குழலுக்கு நேராக வந்து நிற்கும். போல்ட்டை முன்னால் தள்ளினால், அதன் ஊசி முனை பெல்லட்டைக் குழலுக்குள் தள்ளும்.

இந்த நேர்கோடு ஒரு மயிரிழை விலகினாலும் பெல்லட்டின் மெல்லிய ஈய விளிம்பு நசுங்கும். நசுங்கின பெல்லட் நேராகப் போகாது. 'குறி சரியில்லை'னு ஸ்கோப்பைத் திருகிக்கிட்டே இருப்பாங்க. கோளாறு இருக்கிறது மேகசினில்.

ஏன் டைட்டா இருக்கு? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

கை வைப்பதற்கு முன் துப்பாக்கி பாதுகாப்பான திசையைப் பார்க்கட்டும், சேஃப்டி போட்டிருக்கட்டும். மேகசினைக் கழற்றினாலும் குழலுக்குள் ஒரு பெல்லட் தங்கியிருக்கலாம். இதை மறந்துதான் பலர் 'காலித் துப்பாக்கி'னு நினைச்சு விளையாடுறாங்க.

* போல்ட் முழுசா பின்னால் வந்திருக்கா? பாதியில் நின்றால் ஊசி முனையே வழியை மறிக்கும். புதுசா வாங்கினவங்க அதிகம் தவறவிடுவது இதைத்தான்.
* காலி மேகசின் சுலபமா போகுது, பெல்லட் போட்டதும் சிக்குதா? பெல்லட் நீளமா இருக்கும், இல்லேன்னா சரியா உட்காராமல் வெளியே துருத்திக்கிட்டு இருக்கும்.
* இரண்டு மேகசினில் ஒண்ணு மட்டும் சிக்குதா? குறை அந்த மேகசினில்.
* இரண்டுமே சிக்குதா? மேலே மாட்டின ஸ்கோப் மவுன்ட் இடிக்குதான்னு பாருங்க. இல்லேன்னா அந்தப் பள்ளத்தில் ஈயத் துகள், பிசிறு, தடிமனான பெயின்ட் இருக்கலாம்.

எப்படிச் சரி செய்வது?

புதுத் துப்பாக்கி என்றால் முதல் வேலை, விற்றவரிடம் மேகசினை மாற்றித் தரச் சொல்வது. நீங்களே தேய்த்த பிறகு வாரன்டி பேசினால் எடுபடாது.

மாற்ற வழியில்லையா? உலர்ந்த துணியாலும் மென்மையான பிரஷ்ஷாலும் பள்ளத்தைச் சுத்தம் பண்ணுங்க. பாதி பிரச்னை இதிலேயே தீரும். தீரலைன்னா, காலி மேகசினின் பக்கங்களில் மார்க்கர் பேனாவால் மை பூசி, ஒருமுறை நுழைத்து எடுங்க. மை அழிந்த இடம்தான் உரசும் இடம். கண்ணாடி மேல் 1000 நம்பர் உப்புத்தாளை விரிச்சு, அந்த இடத்தை மட்டும் ரெண்டு மூணு இழுப்பு. துடைச்சுப் போட்டுப் பார்க்கணும். மறுபடியும் ரெண்டு இழுப்பு. அவசரப்பட்டு அதிகமா தேய்ச்சா மேகசின் ஆட்டம் கொடுக்கும்.

ஒரே விதி: தேய்ப்பதாக இருந்தால் மேகசினைத் தேயுங்க, துப்பாக்கியின் உடம்பைத் தொடாதீங்க. மேகசின் போனால் இன்னொன்று வாங்கலாம். பள்ளத்தை அரத்தால் ராவிட்டால் திரும்ப வராது. லேத் பட்டறை அண்ணனுக்கு மோட்டார் பம்ப் அத்துப்படியாக இருக்கலாம். ஆனால், ரைபிளோடு போய் 'கொஞ்சம் ராவிக் குடுங்க'னு நிற்காதீங்க.

அப்புறம், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். இந்த சிலிண்டர்களில் சாதாரணமாக 200 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். அவ்வளவு அழுத்தக் காற்று போகும் பாதையில் எண்ணெய் சேர்ந்தால் தீப்பற்றும் அபாயம் உண்டு. கம்பெனி சொல்லும் லூப்ரிகன்ட் மட்டுமே போதும்.

உண்மையில் மேகசின் தேவையா?

இதுதான் யாரும் கேட்காத கேள்வி. இளவேனில் தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டியில் மேகசினுக்கே இடமில்லை. சர்வதேச விதிப்படி ஒவ்வொரு பெல்லட்டையும் கையால்தான் போடணும். தகுதிச் சுற்றில் 60 குண்டு, 75 நிமிடம். ஒரு குண்டுக்கு 75 விநாடி. பெல்லட்டை எடுத்து, விளிம்பைப் பார்த்து, குழலில் வைத்து, மூச்சைச் சீராக்குவது எல்லாமே அந்த நேரத்துக்குள் அடங்கிவிடும். குறி வைக்க வேண்டிய பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். அங்கே வேகத்துக்கு மதிப்பில்லை.

அப்படியென்றால் பத்து பெல்லட்டை படபடவென்று சுட வேண்டிய அவசரம் யாருக்கு? நேர்மையாகச் சொன்னால், பல ஊர்களில் அது வயலோரக் கொக்குக்கும் மடையானுக்கும்தான் போய் நிற்கிறது. 0.177 அங்குல, 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. அதற்காக பறவையைச் சுட அனுமதி கிடைத்துவிடாது. அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

குறி பார்க்கப் பழகுகிறவருக்கு மேகசின் ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுக்கிறது. அடுத்த குண்டு ரெடியாக இருப்பதால், போன குண்டு ஏன் விலகியது என்று யோசிக்கும் முன்பே விரல் ட்ரிக்கருக்குப் போய்விடும். ஒவ்வொன்றாகப் போடும்போது அந்த யோசனைக்கு இடம் கிடைக்கும்.

மேகசின் இருக்கும் இடத்தில் பொருத்தும் சிங்கிள் ஷாட் டிரே பல பிசிபி மாடல்களுக்குக் கிடைக்கிறது. சிக்குவதற்கு அதில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. அதனால் அடுத்த முறை கடைக்காரர் "எத்தனை ரவுண்டு மேகசின் வேணும் தம்பி?"னு கேட்டால், "டிரே இருக்காண்ணே?"னு திருப்பிக் கேளுங்க.