எழுதப்படாத முகூர்த்தம்

அக்கா மகளுக்கு மயிலம் முருகன் கோயிலில் கல்யாணம். முதல்நாள் மாலை திண்டிவனத்தில் வரவேற்பு, மறுநாள் விடியலில் மலைமேல் முகூர்த்தம். “படமெடுக்க வெளியாள் எதுக்கு, என் தம்பி இருக்கான்” என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். விழுப்புரத்திலிருந்து புறப்படும் முன் 128 ஜிபி மெமரி கார்டு ஒன்று வாங்கினேன். உறைமேல் ஊரறிந்த கம்பெனியின் பெயர் இருந்தது. விலையோ வழக்கத்தில் பாதிகூட இல்லை. லாபம் என்று நினைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். வரவேற்பு முழுக்க இருந்தது. மணப்பெண் அலங்காரத்திலிருந்து கோப்புகளின் பெயர்கள்தான் இருந்தன. வரிசை எண்ணும் அளவும் சரியாக இருந்தும் ஒன்றுகூட முழுதாகத் திறக்கவில்லை. ஒரே ஒரு படத்தில் மேலே இரண்டு விரற்கடை மாவிலைத் தோரணம், கீழே வெறும் சாம்பல் நிறம். “மாமா, தாலி கட்டுற போட்டோவ இன்னும் அனுப்பலையே?” என்று அக்கா மகள் போனில் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அது 32 ஜிபி கார்டு. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, கேட்பவரிடமெல்லாம் 128 என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருந்தது. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் வீடியோ எடுத்தால் அது 12.5 எம்பி, நிமிடத்துக்கு 750 எம்பி, நாற்பது நிமிடத்தில் 30 ஜிபி. வரவேற்பில் எடுத்த வீடியோவோடு உண்மையான இடம் தீர்ந்துவிட்டது. அதற்குப்பின் கேமரா அனுப்பிய எல்லாவற்றையும் அந்தக் கார்டு வாங்கிக்கொள்வதுபோல் காட்டி, எழுதாமல் விட்டுவிட்டது. படமெடுத்தவுடன் பின்திரையில் தெரிந்ததே என்றால், அது கேமராவின் தற்காலிக நினைவிலிருந்து வருவது. கார்டில் பதிந்ததற்குச் சாட்சி அல்ல. தவறி அழித்த படத்தை மீட்க மென்பொருள் உண்டு. எழுதப்படவே இல்லாததை எதைக்கொண்டும் மீட்க முடியாது.

திண்டிவனத்தில் பல வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கார்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “நான் 128 பக்கமே போறதில்ல சார். 64-ல நாலு வச்சிருக்கேன். வரவேற்புக்கு ஒண்ணு, முகூர்த்தத்துக்கு வேற. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்ல?” என்றார். அவர் வைத்திருப்பவை விலை உயர்ந்த ரகமும் இல்லை; நல்ல கம்பெனியின் நடுத்தர ரகம். பில்லோடு வாங்குகிறார். மலிவா, விலை உயர்ந்ததா என்ற கேள்வியே தவறு என்று எனக்குப் பட்டது அன்றுதான். என் கேமராவுக்கு என்ன வேண்டும், நான் எடுக்கப்போவது எது என்பதுதான் கேட்க வேண்டியது.

எடுப்பதைப் பொறுத்துக் கார்டு எப்படி மாறும் என்பதற்கு நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே மூன்று இடம் சொல்கிறேன். ஒன்று மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மப் பல்லவன் கல்வெட்டு வெட்டி வைத்த ஏழாம் நூற்றாண்டுக் குடைவரை. அங்கே கல்லில் செதுக்கிய வாயில்காவலர்கள் ஆயிரத்து நானூறு வருடமாக அதே இடத்தில் நிற்கிறார்கள். ஒரு படம் எடுத்து, வெளிச்சம் பார்த்து, அடுத்த படம் எடுக்கலாம். வேகம் குறைந்த கார்டே போதும். உண்மையான கார்டாக இருந்தால் சரி.

இரண்டாவது, மரக்காணம் பக்கம் உள்ள கழுவெளி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்த சதுப்புநிலம். பூநாரைக் கூட்டம் எழும்புகிற நேரத்தில் விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கிறோம் என்று வையுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ‘ரா’ படம் சுமார் 25 எம்பி. ஆக விநாடிக்கு 250 எம்பி. யூஎச்எஸ்-1 வகைக் கார்டின் உச்சவரம்பே 104 எம்பிதான். கேமராவின் தற்காலிக நினைவு நிரம்பி, ஷட்டர் தயங்கி நிற்கும். அதற்குள் பறவை போய்விடும். இங்கே யூஎச்எஸ்-2 கார்டுக்குக் கொடுக்கும் பணம் வீணல்ல. அதன் முதுகில் பொன்னிறத் தகடுகள் இரண்டு வரிசை இருக்கும்; உச்சவரம்பு 312 எம்பி. ஆனால் உங்கள் கேமராவின் துளையும் அந்த வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பல மடங்கு விலை கொடுத்த கார்டும் பழைய வேகத்தில்தான் ஓடும். வாங்கும் முன் கேமராவோடு வந்த கையேட்டில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

மூன்றாவது, கல்யாண வீடு. இங்கே வேகத்தைவிட நம்பிக்கைதான் பெரிது. சாதாரண 4கே வீடியோவுக்கு வி30 கார்டு தாராளம். வி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண், விநாடிக்குக் குறைந்தது இத்தனை எம்பி எழுதும் என்ற உறுதி. யூ எழுத்தின் வயிற்றுக்குள் 3 என்று இருந்தாலும் அதே 30தான். உறைமேல் பெரிதாக 170, 200 என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம்; கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கும்போது உதவும், படம் பதியும்போது அல்ல. யூஎச்எஸ்-1 கார்டில் 104-க்கு மேல் போட்டிருந்தால் அந்த வேகமும் அதற்கு ஒத்த ரீடரில்தான் கிடைக்கும். கடையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள்.

கார்டு எந்த விலையாக இருந்தாலும் அது படம் வைக்கிற பெட்டி அல்ல. நுண்ணிய அறைகளில் அடைத்த மின்னூட்டம்தான் நம் படங்கள். சூட்டிலும் காலத்திலும் அது கசியும். நல்ல கம்பெனியின் கார்டும் ஒருநாள் போகும். ஆகவே வீடு திரும்பிய இரவே நகல் எடுங்கள், அதுவும் இரண்டு இடத்தில். 2024 ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. ஒரு நகல் உங்கள் வீட்டில் இருந்தால் இன்னொன்று வேறு தெருவில், முடிந்தால் வேறு ஊரில் இருக்கட்டும். இரண்டு கார்டு போடும் வசதி உள்ள கேமரா என்றால், இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று என்னிடம் இருப்பவை நான்கு வி30 கார்டுகள், ஒவ்வொன்றும் 64 ஜிபி. வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு கடைசி ஜிபி வரை நிரப்பி, திரும்பப் படிக்க வைத்துப் பார்த்தேன். பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்தேன். ஒரு மாலை நேர வேலை, அவ்வளவுதான். அந்த வேலையை மயிலம் போகும் முன் செய்திருக்க வேண்டும்.

அக்கா மகள் வீட்டு ஹாலில் தாலி கட்டும் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு பையன் செல்போனில் எடுத்தது. மாப்பிள்ளையின் தோள் மறைத்து அவள் முகம் பாதிதான் தெரிகிறது. உங்கள் வீட்டில் அடுத்த முகூர்த்தம் எப்போதோ, அதற்கு ஒரு வாரம் முன்பே கார்டை வாங்கி, முழுக்க நிரப்பிச் சோதித்து வைத்துவிடுங்கள்.