சளி கரையும், கல்லு கரையாது

செங்கல்பட்டு கல்குவாரியிலும் மாமல்லபுரம் சிற்பப் பட்டறையிலும் கல்தூசி தின்ற நம்ம சனம் இருமினால், சளியை இளக்கும் மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். அதில் ஒன்றான புரோம்ஹெக்சின், நம்ம ஆடாதொடையிலுள்ள வாசிசினிலிருந்து உருவானது. சளி இளகும், வெளியே வரும். அதை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் நுரையீரலைத் தழும்பாக்கிய சிலிக்கா தூசியை எந்த மருந்தும் கரைக்காது. அந்த நோய்க்குப் பேரு சிலிகோசிஸ். 1948 தொழிற்சாலைச் சட்டமே அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்ப் பட்டியலில் வைத்தது. சீட்டில் வெறும் 'இருமல்' என்றிருந்தால் பாடு நம்மோடு போச்சு. 'சிலிகோசிஸ்' என்றிருந்தால் முதலாளியிடம் நட்டஈடு கேட்க வழியுண்டு.

தோழர்களே, மருந்தோடு நிற்காதீங்க. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க. எத்தனை வருசம் கல்லு உடைச்சோம்னு சீட்டில் எழுதச் சொல்லுங்க.