நேரடி விமானம் வந்தும் ஊர் தூரமாகவே இருக்கிறது: பினாங்குத் தமிழர்களின் பயணச் சிக்கல்

2024 டிசம்பர் 21-ஆம் தேதி இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே தினசரி நேரடி விமானச் சேவையைத் தொடங்கியது. லெபோ பாசார் கடைக்காரர்களும், ஆலயங்களிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் தமிழகத் தொழிலாளர்களும் அந்தச் செய்தியால் நிம்மதி அடைந்ததற்குக் காரணம் உண்டு. அதுவரை பலருக்கும் ஊர்ப் பயணம் என்பது சுங்கை நிபோங் பேருந்து நிலையத்தில்தான் தொடங்கும். 350 கிலோமீட்டர் பேருந்தில் போய், கோலாலம்பூரில் இறங்கி, அங்கிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். விமானத்தில் உட்காரும் நேரத்தைவிட விமானத்தைத் தேடிப் போகும் நேரமே அதிகம்.

பினாங்குத் தமிழருக்கு இது புதிய அலைச்சல் அல்ல. 1970-களின் தொடக்கம் வரை 'ரஜூலா' கப்பலும், பிறகு 'சிதம்பரம்' கப்பலும் நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்களுக்கு ஆள்களை ஏற்றிச் சென்றன. பயணம் பல நாள் என்றாலும் ஜோர்ஜ்டவுன் துறைமுகத்தில் ஏறினால் தமிழ்நாட்டில் இறங்கலாம். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் உயிரிழந்ததோடு அந்தக் காலம் முடிந்தது. அதன்பின் விமானம்தான் வழி.

நேரடி விமானம் வந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பினாங்குத் தமிழரின் ஊர் எது? சென்னை பலருக்கு ஊர் அல்ல. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் வேர் கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம், நாகூர் பக்கம். செட்டியார்களுக்குக் காரைக்குடி வட்டாரம். சென்னையில் இறங்கிக் கடையநல்லூர் போக இன்னும் 600 கிலோமீட்டருக்கு மேல் தரைவழிப் பயணம். இவர்களில் பலருக்குத் திருச்சியே வசதி. 2024-இல் அங்கே புதிய முனையமும் திறக்கப்பட்டது. ஆனால் திருச்சி விமானத்துக்குப் பழையபடி கோலாலம்பூர்தான் போக வேண்டும். மதுரைக்கோ மலேசியாவின் எந்த ஊரிலிருந்தும் நேரடிச் சேவை இல்லை. எந்த நாட்டு விமானம் எந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் என்பதை இரு அரசுகளின் உடன்பாடு தீர்மானிக்கிறது. ஆகவே, விமான நிறுவனத்தை மட்டும் கேட்டுப் பயனில்லை. புத்ராஜெயாவும் புதுடில்லியும் பேச வேண்டிய விஷயம் இது.

விடுமுறைக்குப் போகிறவர் இதையெல்லாம் பொறுத்துக்கொள்வார். துக்கச் செய்தி கேட்டுப் போகிறவரால் முடியாது. ஊரில் பெரும்பாலும் மறுநாளே அடக்கமோ தகனமோ நடந்துவிடும். அவசரத்துக்கு எடுக்கும் டிக்கெட் விலையோ மாதச் சம்பளக்காரரை அசைத்துவிடும். பண்டிகைக் காலத்தில் அரசு ஏற்பாடு செய்யும் கட்டண உச்சவரம்பும் சபா, சரவாக் பயணங்களுக்கானது. வெளிநாட்டுப் பயணத்துக்கு அது கிடையாது.

ஒரே நிறுவனத்தை நம்புவதில் உள்ள ஆபத்தை 2025 டிசம்பர் காட்டியது. விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டும் இந்திய விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1-இல் நடப்புக்கு வந்தது. வார ஓய்வு முதல் கட்டத்திலேயே 36 மணியிலிருந்து 48 மணியாகியிருந்தது. அதற்கேற்ப ஆள்பலத்தைத் திட்டமிடாத இண்டிகோ, டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. பெரும்பாலானவை இந்தியாவுக்குள் பறப்பவை. என்றாலும், சென்னையில் இறங்கி மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ அடுத்த விமானம் பிடிக்க நினைத்தவருக்கு அதுவும் தன் பிரச்சினைதான். விமானிக்கு ஓய்வு வேண்டும் என்ற விதியில் தவறில்லை. அதற்குத் தயாராகாமல் டிக்கெட் விற்றதுதான் தவறு.

பயணிக்கு உரிமையே இல்லை என்று நினைப்பதும் சரியல்ல. மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் 2016 முதல் இருக்கின்றன. மலேசியாவுக்கு வந்துபோகும் வெளிநாட்டு நிறுவனங்களையும் அவை கட்டுப்படுத்தும். விமானம் இரண்டு மணி நேரம் தாமதித்தால் உணவு தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல், தாமதம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் பயணி பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். கட்டிய வழியிலேயே 30 நாளில் பணம் வர வேண்டும். 'வவுச்சர்' கொடுத்துச் சமாளிக்க முடியாது. பெட்டி வராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே முகப்பில் எழுத்து மூலம் புகார் பதிய வேண்டும். மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி, சேதமடைந்த பெட்டிக்கு 7 நாளிலும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்குக் கிடைத்த 21 நாளிலும் எழுதிக் கொடுக்காவிட்டால் இழப்பீடு கேட்கும் வாய்ப்பு போய்விடும்.

இவற்றுக்கு நடுவே ஓர் ஓட்டையும் உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று பினாங்கு–கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர்–திருச்சி வேறொரு டிக்கெட் எனத் தனித்தனியாக எடுப்போர் நிறையப் பேர். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதித்து இரண்டாவது கைநழுவினால், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. முதல் நிறுவனம் ஒரு வேளை உணவோடு முடித்துக்கொள்ளும். மிச்சப்படுத்திய 100 ரிங்கிட் பல மடங்கு நட்டமாகத் திரும்பி வரும் இடம் இதுதான். ஒரே முன்பதிவு எண்ணில் இரண்டு பயணமும் இருந்தால், மாற்று விமானம் தேடித் தருவது நிறுவனத்தின் வேலை.

புகார் கொடுக்கும் இடமும் மாறியிருக்கிறது. விமானப் பயணச் சேவை ஆணையமான மாவ்கோம் 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதி மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்துடன் இணைக்கப்பட்டது. இனி அங்கேதான் முறையிட வேண்டும். முதலில் நிறுவனத்துக்கு எழுதி, அந்தக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது. மலாயோ ஆங்கிலமோ எழுதத் தயங்கும் தமிழகத் தொழிலாளிக்கு இந்தப் படியே தடை. ஆலயங்களும் சமூக அமைப்புகளும் ஒரு மேசை போட்டு எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும். ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாக வேறு புகார்களுக்குச் செய்துவரும் பணிதான் இது.

பாயான் லெப்பாஸ் விமான நிலையம் ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளுக்காக அமைந்தது. 2019-லேயே 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு கோடியே 20 லட்சமாக உயர்த்தும் விரிவாக்கம் 2028-இல் முடியும் என்பது இலக்கு. பெரிதாகும் அந்த முனையத்தில் திருச்சிக்கு ஒரு வாயில் இருக்குமா என்பதை, வாரம் இரண்டு விமானம் போதும் என்ற அளவிலாவது, பினாங்கு மாநிலப் பிரதிநிதிகள் இப்போதே கேட்கத் தொடங்கலாம்.