ஏழு நாளில் என்ன கிழித்தோம்?

என்.எஸ்.எஸ். சிறப்பு முகாம் ஏழு நாள். மரக்கன்று நடுவோம், நோட்டு கொடுப்போம், குரூப் போட்டோ எடுப்போம், கிளம்பிவிடுவோம். (போட்டோவில் பல்லைக் காட்டியவர்களில் நானும் ஒருவன்.)

தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் மலையாளிப் பழங்குடியினரும் (கேரளாக்காரர்கள் இல்லைங்க, தமிழ் பேசுபவர்கள்) லம்பாடிகளும் வாழ்கிறார்கள். வழக்கொழிந்துபோன பூத்தையலை மீட்ட லம்பாடிப் பெண்கள், அதை 'போர்கை' என்ற பெயரில் விற்கிறார்கள். அவர்கள் மொழியில் 'பெருமை' என்று அர்த்தம்.

அங்கே போய் நாம் ஏபிசிடி மட்டும் சொல்லிக்கொடுத்தால், வீட்டுப்பேச்சு மட்டம் என்றுதானே பிள்ளைகள் நினைக்கும்? லம்பாடிக்குத் தனி எழுத்து கிடையாது. பாட்டி சொல்லும் கதைகளைப் பிள்ளைகளே தமிழ் எழுத்தில் எழுதட்டும், நாம் உட்கார்ந்து கேட்போம். பி.காம். காரர்கள் காஸ்டிங் சொல்லித்தரலாம், அவர்கள் கேட்டால்.

அடுத்த வருடமும் அதே ஊர்தான் என்றால் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.