அரோக்கோவை அழித்தது கைபேசியா?

நைஜீரியாவின் தென்மேற்கிலும் அதை ஒட்டிய பெனின் குடியரசிலும் வாழும் யொரூபா மக்கள் பொருள்களைக் கோத்தும் கட்டியும் செய்தி அனுப்பிய முறைக்கு அரோக்கோ என்று பெயர். சோழி, இறகு, விதை, துணித்துண்டு, பல் துலக்கும் குச்சி எல்லாமே அதில் செய்தியாகும். கைபேசி வந்து இந்த மரபை ஒழித்துவிட்டது என்பது பரவலாக நம்பப்படும் கருத்து.

காலக் கணக்கே இதற்கு இடங்கொடுக்கவில்லை. நைஜீரியாவில் ஜி.எஸ்.எம். சேவை தொடங்கியது 2001-ல். யொரூபா மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் வழக்கமோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே காலூன்றிவிட்டது. 1859-ல் அபேயோகுட்டா நகரிலிருந்து ‘இவே இரோஹின்’ என்ற யொரூபா செய்தித்தாளே வெளிவந்தது. கோல்மர் என்ற மிஷனரி 1885-ல் லண்டன் மானிடவியல் இதழில் இந்தச் செய்திப் பொருள்களை விளக்கி எழுதினார். ஊர்விட்டு ஊர் போகும் கடிதத்தின் வேலையை அரோக்கோவிடமிருந்து வாங்கிக்கொண்டவை பள்ளிக்கூடமும் தபாலும்தான். கைபேசி வருவதற்கு வெகுமுன்பே அது நடந்து முடிந்துவிட்டது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒப்பேற்றிக்கொண்ட வழிதான் அரோக்கோ என்ற வாதமும் கூடவே வரும். சோழிச் சரம் ஒன்றை எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். இரண்டு சோழிகள் முகத்தோடு முகம் பார்க்கக் கோத்திருந்தால் உறவு, சந்திக்கும் விருப்பம். முதுகோடு முதுகு சேர்ந்திருந்தால் பகை. எண்ணிக்கைக்கும் பொருள் உண்டு. ஆறு என்பதற்கு யொரூபாவில் ‘எஃபா’. ‘ஃபா’ என்றால் இழுத்தல், ஈர்த்தல். ஓர் இளைஞன் ஒரு பெண்ணுக்கு ஆறு சோழி அனுப்பினால் மனம் அவள்பால் ஈர்க்கப்பட்டது என்று அர்த்தம். எட்டு ‘எஜோ’, ‘ஜோ’ என்றால் ஒத்திருத்தல். அவளிடமிருந்து எட்டு வந்தால் சம்மதம். ஒலியைக் கொண்டு பொருளைச் சுட்டும் இந்த உத்தி எகிப்தியச் சித்திர எழுத்திலும் உண்டு. அதை யாரும் ஒப்பேற்றல் என்று சொல்வதில்லை. தவிர, சரத்தைச் சுமந்து போகிறவருக்கு அதன் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ரகசியம் காக்க அது ஒரு வசதி.

அரோக்கோ செய்ததையெல்லாம் கைபேசி செய்துவிடும் என்பது இவற்றுள் வலுவானதாகத் தோன்றும் வாதம். ஆனால் சில பொருள்கள் செய்தி சொல்வதோடு நிற்பதில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓயோ அரசர் அவோலேயிடம் மூடிய வெறும் சுரைக்குடுக்கை ஒன்று அனுப்பப்பட்டது. அரசர் நிராகரிக்கப்பட்டார், இனி அவர் உயிரோடு இருக்கக் கூடாது என்பது அதன் பொருள். அவர் நஞ்சருந்தி இறந்தார். குடுக்கையை அனுப்பியதுதான் பதவி நீக்கம். அதற்குமேல் ஆணை எதுவும் தேவைப்படவில்லை.

இன்றும் புழங்கும் ‘ஆலே’ இன்னும் தெளிவான சான்று. விறகுக் கட்டின்மேலோ சோளக்கொல்லையின் ஓரத்திலோ அறுந்த செருப்பு, பல்லுடைந்த சீப்பு, கந்தல், மணி உதிர்ந்த சோளக்கதிர், நத்தை ஓடு இவற்றில் ஏதாவது தொங்கும். பார்க்கிறவருக்குக் குப்பை, திருட வருகிறவனுக்கு, ‘தொட்டால் நீயும் இப்படித்தான் ஆவாய்’ என்ற எச்சரிக்கை. டேவிட் டோரிஸ் என்ற கலை வரலாற்றாசிரியர் 2011-ல் வெளியிட்ட ‘விஜிலன்ட் திங்ஸ்’ நூல் முழுக்க இதைப் பற்றியதே. வரப்போகும் திருடன் யாரென்று தெரியாதபோது எந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது?

எமோஜிதான் இன்றைய அரோக்கோ என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. எமோஜி வரிசை எல்லாக் கைபேசியிலும் ஏறக்குறைய ஒன்றே. அரோக்கோவிலோ யார் யாருக்கு, எந்தச் சூழலில் அனுப்பினார் என்பதைப் பொறுத்து அர்த்தமே மாறும். மேலோட்டமான ஒற்றுமைக்கு அப்பால் இரண்டையும் சேர்த்துப் பேச அதிகம் இல்லை.

சோழிச் சரத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. மரபு மொத்தமும் போய்விட்டது என்று அதிலிருந்து முடிவு கட்டுவதுதான் தவறு. யொரூபா திருமண நிச்சயத்தின் அழைப்பு இன்று வாட்ஸ்அப்பில் வருகிறது. சடங்கின்போது நீண்ட ஆயுளுக்குக் கசப்புக் கோலாவும், பிள்ளைப்பேற்றுக்கு ஒரு காய்க்குள் ஏராளமான விதை கொண்ட அட்டாரேயும், இனிய வாழ்வுக்குத் தேனும் பெண்வீட்டார் முன் வைக்கப்படுகின்றன.